ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டால் போதுமா?

ராத்திரி மிஞ்சிய சாம்பாரை ஃபிரிட்ஜுக்குள் வைத்துக் கதவைச் சாத்தியதும், இனி அது பத்திரம் என்று நிம்மதியாகப் படுக்கப் போகிறோம். அந்த நிம்மதியில் பாதிதான் நியாயம். குளிர் கிருமிகளைக் கொல்வதில்லை. அவை பெருகும் வேகத்தைக் குறைக்கிறது, அவ்வளவுதான். ஃப்ரீசரில் கல்லாக உறைந்த கறியிலும் பெரும்பாலான கிருமிகள் செத்துவிடுவதில்லை. அசையாமல் கிடக்கின்றன. வெளியே எடுத்து உறைவு இளகியதும் விட்ட இடத்திலிருந்து தொடங்கிவிடும். ஃபிரிட்ஜுக்குள் ஒரு பண்டம் எந்த நிலையில் போகிறதோ, அதைவிட நல்ல நிலையில் அது ஒருநாளும் வெளியே வராது. இதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் மற்ற விதிகளில் பாதி தானாகவே புரிந்துவிடும்.

5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில்தான் உணவை நஞ்சாக்கும் பாக்டீரியாக்கள் செழிக்கின்றன. அவற்றுக்கு மிகவும் பிடித்த 35, 37 டிகிரியில், ஈரமும் சத்தும் இருந்தால், சில வகைகள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒன்று, நான்கு மணி நேரத்தில் நாலாயிரத்தைத் தாண்டும், ஆறு மணி நேரத்தில் இரண்டரை லட்சத்தைத் தாண்டும். சித்திரை வைகாசியில் நம் சமையலறை எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று சொல்லத் தேவையில்லை.

அதனால் ஃபிரிட்ஜின் உள்ளே 4 டிகிரியோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும். ஃப்ரீசரில் மைனஸ் 18. உங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் இப்போது எத்தனை டிகிரி இருக்கிறது? பெரும்பாலான வீடுகளில் யாருக்கும் தெரியாது. உள்ளே இருக்கும் திருகியில் 1 முதல் 5 வரையோ 7 வரையோ எண்கள் இருக்கும். அவை டிகிரி அல்ல. குளிர் எவ்வளவு கூட வேண்டும் என்பதற்கான படிநிலைகள். பொதுவாக எண் ஏற ஏறக் குளிர் கூடும். எண் சிறிதாக இருந்தால்தான் குளிர்ச்சி அதிகம் என்று எண்ணி, வெயில் காலத்தில் 1-இல் வைத்துவிட்டுப் பால் ஏன் திரிகிறது என்று தவிப்பவர்கள் உண்டு. ஃபிரிட்ஜுக்கென்று விற்கும் சின்னத் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கி, ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு நடுத்தட்டில் வைத்து, மறுநாள் காலையில் பாருங்கள். காற்றின் வெப்பம் கதவைத் திறந்ததுமே மாறிவிடும். தண்ணீரின் வெப்பம்தான் உள்ளே இருக்கும் உணவின் வெப்பத்தைச் சொல்லும். 4-க்கு மேல் காட்டினால் திருகியை ஒரு படி ஏற்றிவிட்டு, அடுத்த நாள் மறுபடி பாருங்கள்.

ஏற்றியும் இறங்கவில்லையா? கதவின் ரப்பரைக் கவனியுங்கள். ஒரு காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி மெல்ல இழுங்கள். எந்தப் பிடிப்பும் இல்லாமல் வந்துவிட்டால் அந்த இடத்தில் குளிர் கசிகிறது. பல நேரம் ரப்பர் மடிப்பில் சேர்ந்த அழுக்குதான் காரணம். சோப்புத் தண்ணீரில் துடைத்தால் சரியாகிவிடும். கிழிந்திருந்தால் மாற்ற வேண்டும்.

இனி, சோறு. நம் வீடுகளில் மிக அதிகமாக மிஞ்சுவதும், ஆபத்தானது என்று யாரும் நினைக்காததும் அதுதான். அரிசியில் இயல்பாகவே இருக்கக்கூடிய பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா, வித்துகளாக மாறிச் சோறு கொதிக்கும்போதும் தப்பிவிடும். சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் வெளியே இருந்தால் அந்த வித்துகள் முளைத்துப் பெருகும். பெருகும்போது அவற்றில் சில வகைகள் ஒரு நச்சுப்பொருளை விடுகின்றன. வாந்தி வரவைக்கும் அந்த நச்சு வெப்பத்துக்கு அசையாது. சோற்றை மறுபடி சூடாக்கினாலும், புளியோதரையாகக் கிளறினாலும், கிருமி சாகும், நச்சு சாகாது. ‘நல்லா சுட வெச்சிட்டா எல்லாம் சரியாப் போயிடும்’ என்ற நம்பிக்கை இங்கே பலிக்காது. மதியம் வடித்த சோறு ராத்திரிவரை மேடையிலேயே கிடந்து, பிறகு ஃபிரிட்ஜுக்குள் போனால், போவதற்கு முன்பே கெடுதல் நடந்திருக்கலாம்.

சமைத்த உணவு அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வெளியே 32 டிகிரியைத் தாண்டும் நாளில் ஒரு மணி நேரம்தான் என்கிறது அமெரிக்க வேளாண் துறை. நமக்கு வருடத்தில் பல மாதங்கள் இரண்டாவது கணக்குதான் பொருந்தும்.

இங்கே நம் பெரியவர்கள் சொல்லிவைத்த ஒரு விதி குறுக்கே வரும்: ‘நல்லா ஆறின பிறகுதான் உள்ள வெக்கணும்.’ அதில் நியாயம் இருக்கிறது. கொதிக்கக் கொதிக்க ஓர் அண்டாவை உள்ளே வைத்தால் பக்கத்தில் இருக்கும் பாலும் தயிரும் சூடாகும், கம்ப்ரசர் ஓயாமல் ஓடும். ஆனால் ‘நல்லா ஆறட்டும்’ என்று விட்டது விடிய விடிய வெளியிலேயே கிடப்பதுதான் வழக்கமாக நடக்கிறது. ஒரு பெரிய பாத்திரம் பிரியாணியின் நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும்; மேலே தொட்டுப் பார்த்தால் தெரியாது. செய்ய வேண்டியது, வேகமாக ஆறவைப்பது. பெரிய பாத்திரத்திலிருந்து அகலமான, ஆழமில்லாத இரண்டு மூன்று பாத்திரங்களுக்கு மாற்றுங்கள். உணவின் உயரம் இரண்டு அங்குலத்தைத் தாண்டாமல் இருந்தால் நல்லது. சாம்பார், குழம்பு வகைகளைப் பாத்திரத்தோடு ஓர் அகன்ற தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி அதில் வைத்து, நடுநடுவே கிளறிவிடுங்கள். ஆவி அடங்கி, பாத்திரத்தை வெறும் கையால் பிடிக்க முடிகிற சூட்டுக்கு வந்தால் போதும். மூடி உள்ளே வைத்துவிடலாம். முழுக்கக் குளிரும்வரை காத்திருக்க வேண்டாம்.

மறுநாள் எடுத்ததும் நாம் செய்யும் முதல் சோதனை முகர்ந்து பார்ப்பது. இந்தச் சோதனையை நான் சிறிதும் நம்புவதில்லை. உணவைப் புளிக்கவைத்து, நூல்விட வைத்து, நாற்றமெடுக்க வைக்கும் கிருமிகள் ஒரு வகை; ஆளைப் படுக்க வைக்கும் கிருமிகள் பெரும்பாலும் வேறு வகை. இரண்டாவது வகை நிறைய இருந்தாலும் வாசனை மாறாமல், ருசி மாறாமல் இருக்கலாம். மூக்கு ‘கெட்டுப்போச்சு’ என்று சொன்னால் கொட்டிவிடுங்கள். ‘நல்லாத்தான் இருக்கு’ என்று சொன்னால் அதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். நாள் கணக்குதான் துணை. சமைத்த குழம்பு, பொரியல், கூட்டு மூன்று நான்கு நாள். சோற்றை ஒரு நாளுக்குள் தீர்த்துவிடுவது நல்லது. கழுவிய பச்சை மீன், கோழி, கொத்துக்கறி ஒன்று அல்லது இரண்டு நாள். அதற்குமேல் வைப்பதென்றால் வாங்கி வந்த அன்றே ஃப்ரீசருக்குப் போக வேண்டும். தேங்காய்ச் சட்னியை அன்றே முடித்துவிடுங்கள்.

எடுத்ததைச் சூடாக்கும்போது ஓரம் கொதித்ததும் அடுப்பை அணைக்கக் கூடாது. நடுப்பகுதியும் ஆவி பறக்கச் சூடாக வேண்டும். தின்னும் அளவை மட்டும் தனியே எடுத்துச் சூடாக்குங்கள். மொத்தப் பாத்திரத்தையும் தினமும் சுடவைத்து, ஆறவைத்து, மறுபடி உள்ளே வைப்பது ஒவ்வொரு தடவையும் அந்த ஆபத்தான வெப்ப எல்லையை இரண்டு முறை கடக்க வைப்பதாகும். வீட்டில் கர்ப்பிணிகளோ வயதானவர்களோ இருந்தால் இதில் கூடுதல் கண்டிப்பு தேவை. லிஸ்டீரியா என்ற பாக்டீரியா ஃபிரிட்ஜின் குளிரிலும் மெதுவாகப் பெருகக்கூடியது. கர்ப்பிணிக்கு வந்தால் கருவையே கலைத்துவிடக் கூடும்.

உள்ளே எதை எங்கே வைப்பது என்பதில் ஒரே ஒரு விதி உயிர்நாடி: பச்சைக் கறியும் மீனும், அப்படியே சாப்பிடக்கூடிய எதற்கும் மேலே இருக்கக் கூடாது. பிளாஸ்டிக் பையிலிருந்து சொட்டும் ஒரு துளி கறித்தண்ணீர் கீழே திறந்து கிடக்கும் கொத்தமல்லியிலோ வெட்டிவைத்த தர்பூசணியிலோ விழுந்தால் போதும். மூடியுள்ள பாத்திரத்தில் போட்டு, கீழ்த்தட்டில் வையுங்கள். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் ஃப்ரீசருக்குக் கீழே உள்ள தட்டில் கறி வைப்பதென்றால் பாத்திரம் கசியாததாக, மூடி இறுக்கமானதாக இருக்க வேண்டும். உறைந்த கறியைச் சமையல் மேடையில் வைத்து இளகவிடாதீர்கள். நடு இளகுவதற்குள் மேல்பக்கம் பல மணி நேரம் வெயிலின் சூட்டில் கிடந்துவிடும். முந்தின நாள் ராத்திரியே ஃப்ரீசரிலிருந்து கீழே இறக்கி வைத்தால் காலையில் தயாராக இருக்கும்.

கதவுத் தட்டுதான் ஃபிரிட்ஜிலேயே சூடான இடம். திறக்கும் ஒவ்வொரு தடவையும் வெளிக்காற்று முதலில் அடிப்பது அதன்மேல்தான். ஊறுகாய், சாஸ், தண்ணீர் பாட்டில் அங்கே இருக்கட்டும். பாலை உள்தட்டுக்கு மாற்றுங்கள். இன்சுலின் வைத்திருக்கும் வீடுகள் இதை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். உறைந்துபோனால் அதைப் பயன்படுத்தவே கூடாது. உறைந்து இளகிய பிறகு பார்வைக்குப் பழையபடி தெரியலாம், வேலை செய்யும் என்று நம்ப முடியாது. ஃப்ரீசரை ஒட்டியோ, பின்சுவரைத் தொட்டபடியோ வைக்காமல், ஒரு சின்ன டப்பாவில் போட்டு நடுத்தட்டின் முன்பக்கம் வையுங்கள்.

இட்லி மாவைப் பற்றிப் பலர் கேட்பதுண்டு. புளித்த மாவில் உண்டாகும் அமிலமே அதற்கு ஓரளவு காவல். அதனால் அது குழம்பைவிடத் தாக்குப்பிடிக்கும். ஆனால் குளிரிலும் புளிப்பு நிற்காமல் மெதுவாக நடந்துகொண்டே இருக்கும், வாயுவும் வரும். பாத்திரத்தை விளிம்புவரை நிரப்பிக் காற்றுப்புகாமல் இறுக்கி மூடாதீர்கள். தோசைக்குத் தேவையானதை மட்டும் வேறு பாத்திரத்தில் எடுத்துவிட்டு, மீதியை உடனே உள்ளே வைத்துவிட வேண்டும்.

கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள். மூடியே இருந்தால் ஃபிரிட்ஜ் ஏறக்குறைய நான்கு மணி நேரம் குளிரைப் பிடித்துவைக்கும். நிறையப் பொருள் அடைத்த தனி ஃப்ரீசர் இரண்டு நாள்வரை தாங்கும், பாதி நிறைந்தது ஒரு நாள். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் சிறிய ஃப்ரீசர் பெட்டியிடம் அந்த அளவு எதிர்பார்க்கக் கூடாது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது டெல்டா மாவட்டங்களில் பல ஊர்களுக்கு நாள்கணக்கில் மின்சாரம் வரவில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் நான்கு மணி நேரம் கடந்ததும் கறி, மீன், பால், சமைத்தவை எல்லாவற்றையும் வருத்தப்படாமல் விட்டுவிட வேண்டும். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. ஒரு கிண்ணம் தண்ணீரை ஃப்ரீசரில் உறையவைத்து, அதன்மேல் ஒரு நாணயத்தை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது நாணயம் மேலேயே இருந்தால் கவலையில்லை. பனிக்கட்டிக்குள் அமிழ்ந்தோ அடியில் கிடந்தோ இருந்தால், நீங்கள் இல்லாதபோது எல்லாம் இளகி மறுபடி உறைந்திருக்கிறது. அந்த ஃப்ரீசரில் இருந்த கறியைச் சமைக்காதீர்கள்.

இதுவரை சொன்னது வயிற்றைப் பற்றி. ஃபிரிட்ஜ் ஒரு மின் இயந்திரம் என்பதையும், இருபத்து நான்கு மணி நேரமும் அணையாமல் ஓடுவது என்பதையும் நாம் மறந்துவிடுகிறோம். வெறும் காலோடு, ஈரத் தரையில் நின்று, ஈரக் கையால் அதன் கைப்பிடியைப் பிடிக்கிறோம். கதவைத் தொட்டால் லேசாக ‘சுர்’ரென்று இழுக்கிறது என்றால், ‘பழைய ஃபிரிட்ஜ் அப்படித்தான்’ என்று செருப்பைப் போட்டுக்கொண்டு திறப்பது தீர்வல்ல. எர்த் சரியில்லை, உள்ளே எங்கோ மின்சாரம் கசிகிறது. அன்றே மெயினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மூன்று பின் பிளக்கில் தடித்து நீண்டிருக்கும் பின்தான் எர்த். சுவரில் மூன்றாவது ஓட்டை இருந்தால் மட்டும் போதாது, அதன் பின்னால் எர்த் வயர் உண்மையிலேயே இழுக்கப்பட்டிருக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மிக்ஸியோடும் கெட்டிலோடும் சேர்த்து ஃபிரிட்ஜைச் செருகாதீர்கள். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி பொருத்தியிருந்தால் அது உயிர் காக்கும். வெள்ளத்தில் நனைந்த ஃபிரிட்ஜை, வெளியே காய்ந்துவிட்டதே என்று நீங்களாகவே போட்டுப் பார்க்கக் கூடாது.

அடுத்து, கத்தி. ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் ஃப்ரீசரில் பனி மலையாகச் சேர்ந்துவிடும். ஐஸ் ட்ரே ஒட்டிக்கொள்ளும். அவசரத்துக்குக் கத்தியாலோ ஸ்க்ரூ டிரைவராலோ குத்துவோம். அந்தப் பனிக்கு அடியில், மெல்லிய அலுமினியத் தகட்டுக்குள், குளிரூட்டும் வாயு ஓடும் குழாய் இருக்கிறது. ஒரு குத்தில் ஓட்டை விழுந்தால் வாயு வெளியேறிவிடும், ஃபிரிட்ஜ் முடிந்தது. அது பணநஷ்டம். ஆனால் வெளியேறுவது என்ன வாயு என்பது அதைவிட முக்கியம்.

1920-களின் வீட்டு ஃபிரிட்ஜ்களில் சல்ஃபர் டை ஆக்சைடு, மெத்தில் குளோரைடு, அம்மோனியா போன்ற நச்சு வாயுக்கள் இருந்தன. கசிந்தால் வீட்டில் உள்ளவர்கள் தூக்கத்திலேயே செத்துப்போகும் அளவுக்கு ஆபத்து. பெர்லினில் ஒரு குடும்பம் அப்படி இறந்த செய்தியைப் படித்துவிட்டுத்தான் ஆல்பர்ட் ஐன்ஸ்டைனும் லியோ ஸிலார்டும் சேர்ந்து, அசையும் பாகங்களும் கசிவும் இல்லாத ஃபிரிட்ஜை வடிவமைக்க இறங்கினார்கள் என்பார்கள். காப்புரிமையும் பெற்றார்கள், ஆனால் அது கடைக்கு வரவில்லை. பிறகு வந்த சிஎஃப்சி வாயு மனிதருக்கு நஞ்சில்லை, தீப்பிடிக்காது. ஓசோன் படலத்தை அரித்தது. 1987-இல் கையெழுத்தான மான்ட்ரியல் உடன்படிக்கை அதற்கு முடிவு கட்டியது. அடுத்து வந்தது ஓசோனைக் காத்தது, பூமியைச் சூடாக்கியது. இன்று நாம் வாங்கும் பல புதிய ஃபிரிட்ஜ்களில் இருப்பது ஆர்600ஏ என்ற ஐசோபியூட்டேன். சூழலுக்கு நல்லது, ஆனால் தீப்பற்றக்கூடியது. அளவு சில பத்து கிராம்தான், மூடிய குழாய்க்குள் இருக்கும்வரை பயமில்லை. பின்பக்க ஸ்டிக்கரில் ஆர்600ஏ என்று இருந்தால், ஃப்ரீசரைக் குத்துவது வெறும் பணநஷ்டம் இல்லை என்று புரிந்துகொள்ளுங்கள். குத்தியதும் ‘புஸ்’ஸென்று சத்தம் கேட்டால் ஜன்னல்களைத் திறங்கள், அடுப்பை அணையுங்கள், எந்தச் சுவிட்சையும் தொடாதீர்கள். பனியை அகற்ற எளிய வழி இருக்கிறது: கால் அங்குலம் சேர்ந்ததுமே டீஃப்ராஸ்ட் பொத்தானை அழுத்துங்கள், அல்லது பிளக்கைப் பிடுங்கிக் கதவைத் திறந்துவைத்து உருகவிடுங்கள்.

தீயைப் பற்றிச் சொல்லும்போது, சமையல் கேஸையும் சொல்லியாக வேண்டும். நம் சின்னச் சமையலறைகளில் சிலிண்டரும் ஃபிரிட்ஜும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவி ஃபிரிட்ஜின் அடிவரை வரும். கம்ப்ரசர் தானாக ஓடத் தொடங்கும்போதும், கதவைத் திறந்து உள்விளக்கு எரியும்போதும் சிறு பொறி உண்டாகலாம். கேஸ் வாசனை வந்தால் ஃபிரிட்ஜைத் திறக்காதீர்கள், அதன் சுவிட்சை அணைக்கவும் போகாதீர்கள். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு, எல்லோரையும் வெளியே அழைத்துக்கொண்டு போய் 1906-க்கு அழையுங்கள். மெயின் சுவிட்ச் வீட்டுக்கு வெளியே, கேஸ் எட்டாத இடத்தில் இருந்தால் மட்டும் அதை அணைக்கலாம். புது வீட்டில் இடம் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தால் ஃபிரிட்ஜைச் சிலிண்டரிலிருந்து முடிந்தவரை தள்ளி வையுங்கள்.

மழைக்காலத்தில் கொசுப்புழு தேடி வீட்டுக்கு வரும் சுகாதாரப் பணியாளர்கள் ‘ஃபிரிட்ஜ் பின்னாடி பாக்கணும்’ என்று கேட்பார்கள். சிலர் எரிச்சலடைகிறார்கள். கம்ப்ரசருக்கு மேலே உள்ள தட்டில் பனி உருகிய தண்ணீர் தேங்கும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அந்தச் சுத்தமான, அசையாத, நிழலான தண்ணீர் மிகவும் பிடிக்கும். முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். வாரம் ஒருமுறை தட்டை எடுத்துக் கொட்டுங்கள். கொட்டினால் மட்டும் போதாது. ஏடிஸ் முட்டைகள் தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும். தட்டைக் கழற்ற முடியாத மாடலென்றால், பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் துணியால் ஒற்றியெடுத்துத் தேய்த்துத் துடையுங்கள்.

கடைசியாக, ஆயுள் முடிந்த ஃபிரிட்ஜ். மொட்டை மாடியிலோ கொல்லைப்புறத்திலோ ‘பிறகு போட்டுக்கலாம்’ என்று நிறுத்திவைத்த பழைய பெட்டி, கண்ணாமூச்சி விளையாடும் குழந்தைக்கு நல்ல ஒளிவிடம். கதவு மூடிக்கொண்டால் உள்ளே காற்று இல்லை. சத்தமும் வெளியே கேட்காது. அந்தக் காலத்து ஃபிரிட்ஜ்களில் வெளியிலிருந்து மட்டுமே திறக்கும் தாழ்ப்பாள் இருந்தது. குழந்தைகள் உள்ளே சிக்கி மாண்டுபோனதைப் பார்த்து அமெரிக்கா 1956-இல், உள்ளிருந்தும் திறக்க முடிய வேண்டும் என்று தனிச் சட்டமே போட்டது. இன்றைய காந்தக் கதவைத் தள்ளித் திறக்கலாம்தான். ஆனால் எல்லாக் குழந்தைக்கும் அந்தப் பலமும் நிதானமும் இருக்காது. சாவிப் பூட்டு உள்ள மாடல்களும் இருக்கின்றன. ஓரத்தில் நிறுத்தும் அன்றைக்கே கதவைக் கழற்றித் தனியே வைத்துவிடுங்கள். அது முடியாவிட்டால் கதவு சுவரைப் பார்த்து நெருக்கமாக இருக்கும்படி திருப்பி, கயிற்றால் இறுகக் கட்டுங்கள்.

காயலான் கடைக்குப் போட்டால் அவர்கள் முதலில் செய்வது தாமிரக் குழாயை வெட்டுவது. வாயு முழுக்கக் காற்றில் போய்விடும். ஃபிரிட்ஜ் மின்னணுக் கழிவு விதிகளுக்குள் வரும் பொருள். மறுசுழற்சியை உறுதிசெய்யும் பொறுப்பு தயாரித்த நிறுவனத்துக்கு இருக்கிறது. புதிது வாங்கும்போது எக்ஸ்சேஞ்சில் பழையதைக் கொடுத்தால், அது பதிவு பெற்ற மறுசுழற்சி நிலையத்துக்குப் போகிறதா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கு அழைத்து, வீட்டுக்கு வந்து எடுத்துப்போகச் சொல்லுங்கள்.